கூலி யார் கணக்கில் விழுந்தது?

மத்தியப் பிரதேசத்தின் வடக்கு ஓரத்தில் குவாலியர், மொரேனா, ஷியோபூர், சிவபுரி என்று நாலு மாவட்டங்கள் இருக்கின்றன. குவாலியர் என்றால் நமக்குக் கோட்டை ஞாபகம் வரும். மொரேனா என்றால் சம்பல் பள்ளத்தாக்கும் பழைய கொள்ளைக்காரர்களும். ஷியோபூரை 2022-இல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகளைக் கொண்டுவந்து குனோ காட்டில் விட்ட செய்தியில் கேட்டிருப்போம். இந்த நாலு மாவட்டங்களிலும் 2013-14 வாக்கில் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து பார்த்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணின் கூலி புருஷனின் கணக்குக்குப் போகாமல் அவள் பெயரிலுள்ள கணக்குக்கே போனால் என்ன ஆகும்? கேள்வி அவ்வளவுதான். கூலி ஒரு பைசா கூடவில்லை. வேலையும் அதே வேலைதான்: குளம் தூர்வாருவது, வரப்புப் போடுவது, ரோட்டுக்கு மண் கொட்டுவது.

செய்து பார்த்தவர்கள் எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல், சிமோன் ஷேனர், சாரிட்டி ட்ராயர் மூர் என்ற ஐந்து பொருளியலாளர்கள். அரசின் துணையோடுதான் செய்தார்கள். முடிவுகள் 2021-இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வந்தன. ஐந்து பேரும் பெண்கள். இப்படி ஒரு கேள்வி அவர்களுக்குத் தோன்றியது தற்செயல் இல்லை என்று எனக்கு ஓர் எண்ணம்.

இதைப் படித்ததிலிருந்து, பெண்கள் ஏன் வேலைக்குப் போவதில்லை என்று கேட்டால் 'கலாச்சாரம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. கலாச்சாரம் உண்டுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் வங்கிப் படிவத்தில் ஒரு கட்டத்தை மாற்றி நிரப்பினாலே கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது என்றால், நாம் நினைக்கிற அளவுக்கு அது கெட்டி இல்லை.

சட்டம் ஒன்று, படிவம் ஒன்று

நூறு நாள் வேலைக்கு அடிப்படையான ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008-இல் நாடு முழுக்கப் பரவியது. காந்தி பெயர் 2009-இல்தான் சேர்ந்தது. பெண்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பயனாளிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் பத்து விழுக்காடு கூடுதல் கூலி. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள அங்கே இருக்கும் பெண்களில் ஒருவரை அமர்த்தி அவருக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும். இப்படியெல்லாம் சொன்னது அது. (இந்தக் கடைசி ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் சட்டப் புத்தகத்தோடு சரி.)

இவ்வளவும் யோசித்துச் செய்தவர்கள் ஒரு இடத்தில் கோட்டைவிட்டார்கள். வேலை அட்டை குடும்பத்துக்கு ஒன்று. நூறு நாளும் குடும்பத்துக்குத்தான். அப்புறம் கூலி ரொக்கத்திலிருந்து வங்கிக்கு மாறியபோது, மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் 'குடும்பத் தலைவர்' என்று எழுதியிருந்தவரின் கணக்கையே சேர்த்துவிட்டார்கள். தலைவர் என்றால் வீட்டு ஆம்பளை. அதிகாரியின் மேஜையிலிருந்து பார்த்தால் இது சௌகரியம். ஒரு வீடு, ஒரு அட்டை, ஒரு கணக்கு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை.

வெயிலில் நின்று மண் சுமந்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும்? வேலைக்குப் போனால் வீட்டு வேலை தள்ளிப்போகும், அதை விடிவதற்கு முன்போ இருட்டிய பிறகோ முடித்தாக வேண்டும். தெருவில் பேச்சு வாங்க வேண்டும். கூலியோ அவள் கண்ணில் படாமல் இன்னொருவர் கணக்கில் ஏறும். அவர் டவுனுக்குப் போய் எடுப்பார். எவ்வளவு வந்தது என்று அவர் சொன்னால்தான் தெரியும். போகாமல் இருப்பதே மேல் என்று ஒரு பெண் முடிவு செய்தால் அதைப் பழமை என்று சொல்லிவிட முடியுமா? எனக்கு அது சரியான கணக்காகத்தான் படுகிறது.

நாலு பேர்

நாம் 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்கிறோம். அங்கே 'லோக் க்யா கஹேங்கே' என்கிறார்கள். மொழிதான் வேறு, அந்த நாலு பேர் எல்லா ஊரிலும் ஒரே ஆட்கள்தான்.

சம்பல் பக்கம் அவர்கள் பேச்சுக்குக் கனம் அதிகம். மருமகள் மாமனார், மைத்துனர் முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண் குழந்தைகளின் விகிதம் மாநிலத்திலேயே மிகவும் தாழ்ந்திருந்த மாவட்டங்களில் மொரேனாவும் குவாலியரும் உண்டு. பெண் பிறப்பதையே கணக்குப் பார்க்கிற ஊரில் பெண் கூலிக்குப் போவதைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. ஷியோபூர், சிவபுரி பக்கம் சஹாரியா பழங்குடிப் பெண்கள் காலங்காலமாகக் காட்டிலும் வயலிலும் உழைக்கிறவர்கள். உழைக்காவிட்டால் அடுப்பு எரியாது. அவர்களை முக்காட்டுக்குள் இருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை. வசதி கொஞ்சம் கூடிய, சாதிப் படியில் சற்று மேலே உள்ள வீடுகளில்தான் 'எங்க வீட்டுப் பொம்பளைங்க கூலிக்குப் போறதில்லை' என்பது கௌரவம் ஆகிறது. ஆக, மனைவி வீட்டில் இருப்பது புருஷன் ஊருக்குக் காட்டுகிற ஒரு சான்றிதழ், 'நான் சம்பாதிக்கிறேன், இவளைப் போஷிக்க எனக்குத் துப்பு இருக்கிறது' என்று. அவள் மண்வெட்டியோடு தெருவில் இறங்கினால் கிழிவது அவள் மானம் மட்டும் இல்லை, அந்தச் சான்றிதழும்தான்.

அதனால்தான் ஏழை வீடுகளில்கூட, கையில் காசு இல்லாதபோதும், மனைவியை வேலைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். கூலி புருஷன் கணக்குக்கே வந்தாலும் தயக்கம் போகவில்லை. 146 ரூபாய் (மத்தியப் பிரதேசத்தில் 2013-14-இன் நாள் கூலி) அந்தச் சான்றிதழின் விலைக்கு ஈடாகவில்லை போலிருக்கிறது.

குலுக்கல்

ஆய்வு நடந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் முடிவின் ருசி அதில்தான் இருக்கிறது. 197 ஊராட்சிகளை எடுத்துக்கொண்டு, எந்த ஊருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். சில ஊர்களில் எதுவும் செய்யவில்லை. சில ஊர்களில் பெண்களுக்கு அவரவர் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து கொடுத்ததோடு சரி. சிலவற்றில் கணக்கோடு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு சின்னப் பயிற்சி. சிலவற்றில் கணக்கோடு, நூறு நாள் வேலைக் கூலி நேராக அந்தக் கணக்குக்கே வரும்படி இணைப்பு. மீதி ஊர்களில் கணக்கு, இணைப்பு, பயிற்சி மூன்றும்.

குலுக்கல் எதற்கென்றால், இல்லாவிட்டால் ஏற்கெனவே துணிச்சலான பெண்கள் உள்ள ஊர் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். பிறகு வந்த மாற்றம் கணக்கால் வந்ததா, அவர்கள் துணிச்சலால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கணக்கு மட்டும் கிடைத்த பெண்களோடு ஒப்பிட்டால், இணைப்பும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்தவர்கள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள். இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்து நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். பெண்கள் பெயரிலும் ஏராளம். அவற்றில் எத்தனையோ கணக்குகள் ஒரு பரிவர்த்தனையும் இல்லாமல் வெறுமனே கிடந்தன. ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பணம் வராத கணக்கு உண்டியல் படம் போட்ட காலண்டர் மாதிரி. சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

பயிற்சி என்று சொன்னதும் பெரிய வகுப்பு என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச நேரம் உட்காரவைத்து, இது உன் கணக்கு, இப்படிப் பணம் வரும், இப்படி எடுக்கலாம் என்று காட்டிக் கொடுப்பது. இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கட்டுரையைப் படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊர் டீக்கடைத் திண்ணையில் பார்த்த ஒரு காட்சிதான் புரியவைத்தது. வங்கி முகவர் பையன் ஒருவன் விரல்ரேகை மெஷினோடு அங்கே வந்து உட்காருவான். ஒரு அம்மா விரலை வைத்தார், ரேகை எடுபடவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், அதுவும் எடுபடவில்லை. களை பறித்துத் தேய்ந்த விரல். அந்தக் கை வேண்டாம், இந்தக் கை என்று மாற்றி நாலாவது தடவையில் மெஷின் கத்தியது. பையன் இருப்புத் தொகையை உரக்கப் படிக்க வாயெடுத்தான். அவர் சட்டென்று, "சத்தமாச் சொல்லாத தம்பி, சீட்டு வரும்ல, அதக் குடு" என்றார். அவர் வீட்டுக்காரர் நாலடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். சீட்டு வரும், அதைக் கேட்டு வாங்கலாம் என்று அந்த அம்மாவுக்கு யாரோ ஒரு நாள் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி என்பது அதுதான்.

நம் பாட்டிமார்கள் அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் காசு ஒளித்தவர்கள். ஒளித்த இடம் தெரியாதவரைதான் அது அவர்கள் காசு. வங்கிக் கணக்கும் அப்படித்தான். ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் புருஷன் சட்டைப்பையில் இருந்தால், பாஸ்புக்கில் யார் பெயர் இருந்து என்ன பிரயோஜனம்?

புதிர்

கூலி தன் கணக்குக்கு வருகிறது என்றதும் ஒரு பெண் நூறு நாள் வேலைக்குக் கூடுதலாகப் போவது எதிர்பார்த்ததுதான். ஆனால் இந்தப் பெண்கள் தனியார் கூலி வேலைக்கும் கூடுதலாகப் போனார்கள். அந்தக் கூலி இந்த இணைப்பு வழியாக வருவதில்லை. அரசுத் திட்டத்தில் யார் கணக்குக்குப் பணம் போடுகிறார்கள் என்பதற்கும் அறுவடைக் கூலிக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு ஏன் போனார்கள்?

பாடப்புத்தகப் பொருளியல்படி பார்த்தால் நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவரின் பேச்சுக்கு மதிப்புக் கூடினால் அவர் தனக்குச் சாதகமானதைக் கேட்பார். ஓய்வு யாருக்குத்தான் பிடிக்காது? கையில் சொந்தக் காசு வந்த பெண் மற்ற வேலையைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் காலை நீட்டியிருக்கலாம். அப்படி நடக்கவில்லை.

ஆசிரியர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்தப் பெண்களுக்கு முன்பிருந்தே வேலைக்குப் போக ஆசை இருந்திருக்கிறது. தடுத்தது புருஷனின் 'வேண்டாம்', அந்த 'வேண்டாம்'-க்குப் பின்னால் நின்ற நாலு பேர். சொந்தக் கணக்கில் பணம் விழத் தொடங்கியதும் வீட்டுக்குள் அவள் வார்த்தைக்குக் கொஞ்சம் எடை வந்தது. அந்த எடையை வைத்து அவள் முதலில் வாங்கியது வெளியே போகும் உரிமையை. வேலைக்குப் போகாத பெண்களைப் பார்த்து 'அவங்களுக்கே விருப்பம் இல்லை' என்று எத்தனை அறிக்கைகள் எழுதியிருப்போம்!

இன்னொரு செய்தி இதை உறுதிப்படுத்துகிறது. மாற்றம் எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரி வரவில்லை. பெண்கள் அதுவரை வேலைக்கு அதிகம் போகாத, 'பொம்பளை வெளியே போகக் கூடாது' என்ற கட்டு இறுக்கமாக இருந்த வீடுகளில்தான் அது குவிந்திருந்தது. ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களுக்குத் தடையே வேறு: வேலை கிடைக்காதது, கூலி தாமதமாவது.

மூன்று வருஷம் கழித்து

மூன்று ஆண்டு கழித்து மறுபடி போய்க் கேட்டார்கள். இணைப்பும் பயிற்சியும் பெற்ற பெண்கள், பெண்கள் வேலைக்குப் போவது தப்பில்லை என்ற எண்ணத்துக்கு மற்றவர்களைவிட அதிகமாக வந்திருந்தார்கள். புருஷன்மாரிடம் கேட்டதில் கிடைத்த பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது: மனைவி வேலைக்குப் போனால் ஊரில் நமக்கு ஏற்படும் தலைகுனிவு நாம் நினைத்த அளவுக்கு இல்லை என்று அவர்கள் கருதத் தொடங்கியிருந்தார்கள்.

கவனியுங்கள், மாறியது ஊர் என்று யாரும் சொல்லவில்லை. ஊரைப் பற்றி அவர்கள் மனதில் இருந்த படம் மாறியது. அந்த நாலு பேர் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது போய்க் கேட்டிருக்கிறார்களா? கேட்டதே இல்லை. மனைவி ஒரு தடவை போய் வந்த பிறகு, வானம் இடிந்து விழவில்லை என்று பார்த்த பிறகு, பயம் தானாகக் கரைகிறது.

இதே கதையை வேறொரு முனையிலிருந்து சொல்லும் ஆய்வு சவூதியில் நடந்தது. லியோனார்டோ பர்ஸ்டின் என்ற பொருளியலாளரும் இன்னும் இருவரும் ரியாத்தில் ஏறத்தாழ 500 கல்யாணமான இளைஞர்களிடம், பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாமா என்று தனித்தனியே கேட்டார்கள். 87 விழுக்காட்டினர் போகலாம் என்றார்கள். மற்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்டபோது, நாலில் மூன்று பேர் ஆதரவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். எல்லாருக்கும் சம்மதம், எல்லாரும் மற்றவனுக்குச் சம்மதம் இல்லை என்று நினைக்கிறார்கள்! உண்மை எண்ணிக்கையைச் சொன்ன பிறகு, மனைவியை வேலைவாய்ப்புச் சேவையில் பதிய முன்வந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடினார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால், அந்த எண்ணிக்கையைக் கேட்காதவர்களின் மனைவிகளில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரும், கேட்டவர்களின் மனைவிகளில் 16 விழுக்காட்டினரும் வெளி வேலைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ரியாத்தில் ஒரு எண்ணைச் சொன்னது செய்த வேலையை, மொரேனா பக்கம் மண்வெட்டியும் பாஸ்புக்கும் செய்திருக்கின்றன.

நம் பக்கம்

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்றாலே பெண்கள்தான். வேலை நாட்களில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பெண்கள் செய்தவை. மத்தியப் பிரதேசத்தில் பத்துக்கு நாலை ஒட்டித்தான் இருந்தது. 2013-14-இல் நம் கூலி 148 ரூபாய், அவர்களைவிட இரண்டே ரூபாய் கூடுதல். ஆகவே கூலி விகிதம் காரணம் இல்லை.

திராவிட இயக்கம், படிப்பு, இங்கே முக்காடு இல்லாதது என்று பெருமையான காரணங்களை அடுக்கலாம், அதில் உண்மையும் இருக்கும். ஆனால் சப்பென்று தோன்றும் இரண்டு காரணங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டட வேலையிலும் மில்லிலும் ஆண்களுக்கு இதைவிட நல்ல கூலி கிடைத்தது, அவர்களுக்கு இது வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, இங்கே முதல் சில ஆண்டுகள் கூலியை ரொக்கமாகவே கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள், ஊர்ப் பொது இடத்தில் எல்லார் முன்னிலையிலும் பேரைக் கூப்பிட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு உழைத்தவர் கையிலேயே பணம். ரொக்கம் என்றால் ஊழல், வங்கி என்றால் நேர்மை என்று டெல்லியிலிருந்து பேசினார்கள். ஊழல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பழைய முறையில் கூலி வாங்கிய கை பெண்ணின் கை. வீட்டுக்கு வந்த பிறகு பிடுங்கினாலும் முதலில் அவள் எண்ணிய பணம் அது. சுருக்குப்பைக்குள் எவ்வளவு, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்று வரும் வழியிலேயே பிரித்திருப்பாள்.

இங்கே ஒருவர் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைக் கேட்பார். மாதம் ஆயிரம் என்று தொடங்கியது, அதுவும் பெண் கணக்கில்தானே? ஆமாம், அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அது வேலைக்கு வரும் காசு இல்லை. புருஷனோ ஊரோ அவள் உழைப்பைப் பற்றி எதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எட்டாத இடங்கள்

இந்த ஆய்வை மந்திரக்கோல் ஆக்கவும் வேண்டாம். வேலை இருந்தால்தான் கூலி. நூறு நாள் என்பது பெயரில்தான், நாடு முழுக்கச் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு ஐம்பது நாளை ஒட்டித்தான் கிடைத்தது. வீட்டு வேலையை யார் செய்தார்கள் என்பதை ஒரு வங்கிக் கணக்கு மாற்றிவிடாது. வேலைக்குப் போய்வந்த பெண் சோறும் வடித்தாள். நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் வேலை செய்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் இருவரும் சேர்ந்த விகிதம் 2017-18-இல் 23.3 விழுக்காடு, 2023-24-இல் 41.7 என்று அரசுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், கூடியதில் பெரும்பகுதி சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சுயதொழில் என்ற பெயரில் செய்யும் வேலை. அதில் சம்பளமே வாங்காமல் கைகொடுக்கும் பெண்களும் சேர்த்தி. அந்த வேலைக்கு எந்தக் கணக்கிலும் எதுவும் விழுவதில்லை.

கூலி உழைத்தவர் பெயரிலுள்ள கணக்குக்கே போக வேண்டும் என்பதைப் பிறகு மத்திய அரசும் வலியுறுத்தத் தொடங்கியது. அதற்குப் பின் வந்தது ஆதார் வழிப் பட்டுவாடா, 2024 ஜனவரி 1 முதல் அது கட்டாயம் ஆனது. அதில் கணக்கு எண் கிடையாது. கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தார்களோ அதற்குப் பணம் போய்விடும். கேஸ் மானியத்துக்கு ஒன்று, குழுக் கடனுக்கு ஒன்று, ஜன்தனுக்கு ஒன்று என்று மூன்று பாஸ்புக் வைத்திருக்கும் பெண்ணுக்கு, கூலி எதில் விழுந்தது என்று மெஷினில் விரல் வைத்துப் பார்க்கும்வரை தெரியாது.